அம்மாவுக்கு வாங்கின பெரிய எழுத்து பைபிள், மூணு மாசம் வாசிச்ச பிறகு

கண் ஆபரேஷன் முடிஞ்சும் அம்மாவுக்கு பழைய பைபிளோட பொடி எழுத்து பிடிபடல, அதனால பழைய மொழிபெயர்ப்புலயே பெரிய எழுத்துல ஒண்ணு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். முதல்ல வந்தது மூலை நசுங்கியிருந்துச்சு, போட்டோ அனுப்பினதும் வேற மாத்திக் குடுத்துட்டாங்க.

எழுத்து நல்ல கறுப்பா தடியா இருக்கு, டியூப்லைட் வெளிச்சத்துலயே அம்மா தட்டுத்தடுமாறாம வாசிக்கிறாங்க. ஓரத்துல இண்டக்ஸ் வெட்டியிருக்கறதால ஆமோஸ், மீகா மாதிரி சின்ன புத்தகத்தை தேடி அலைய வேண்டாம். வெயிட்டுதான் ஜாஸ்தி, மடியில தலகாணி போட்டு அது மேல வச்சுதான் வாசிக்க முடியுது. பேப்பர் மெலிசு, பின்பக்க எழுத்து லேசா தெரியும்.

ஆனா நான் எழுத வந்தது வேற. அம்மா முப்பது வருஷம் அடுத்தவங்க வயல்ல நடவு, களையெடுப்பு, அறுப்புன்னு போனவங்க. எகிப்துல அடிமையா இருந்த இஸ்ரவேல் ஜனங்களைப் பத்தி ஆண்டவர் மோசேகிட்ட பேசற யாத்திராகமம் 3:7 வந்ததும் விரலை அப்படியே வச்சுட்டு, "ஏட்டி, என் ஜனத்தின் உபத்திரவத்தைப் பார்க்கவே பார்த்துன்னு போட்டிருக்கு, சும்மா பார்த்தேன்னு போடல"ன்னாங்க. அடுத்து ஆளோட்டிகள்னு ஒரு வார்த்தை, அதுக்கு அர்த்தம் நான் சொல்லவே வேண்டியிருக்கல, வரப்புல நின்னு விரட்டினவங்களை அவங்களுக்குத் தெரியும். எத்தனையோ பிரசங்கத்துல எகிப்துன்னா பாவம், செங்கடல்னா நம்ம கடன் பிரச்சனைன்னு கேட்டு வளர்ந்தவ நான், அங்க உண்மையிலேயே செங்கல் அறுத்த அடிமைகள் இருந்தாங்கன்னும், ஆண்டவர் அவங்க பக்கம் இறங்கி வந்தார்னும் அம்மா வாசிக்கும்போதுதான் உறைச்சுது.

இந்தப் பகுதி அடிமை வச்சிருந்தவங்களை எவ்வளவு பயப்பட வச்சிருக்குன்னா, 1807ல லண்டன்ல, பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்குன்னே ஒரு பைபிள் அச்சடிச்சாங்க, அதுல பழைய ஏற்பாட்டுல சுமார் 90 சதவீதமும் புதிய ஏற்பாட்டுல பாதியும் கிடையாது. யோசேப்பு அடிமையா விற்கப்பட்டது இருக்கும், மோசே ஜனங்களை வெளியே கூட்டிட்டு வந்தது இருக்காது. எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்ங்கறது இருக்கும், அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லைங்கற கலாத்தியர் 3:28 இருக்காது. அதுல ஒரு பிரதியை 2018ல வாஷிங்டன் பைபிள் மியூசியத்துல காட்சிக்கு வச்சாங்க. கடவுள் ஒடுக்கறவன் பக்கம்னு நினைச்சிருந்தா வெட்ட வேண்டிய அவசியமே வந்திருக்காதே, வெட்டினவங்களுக்கு அவர் யார் பக்கம்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

யாக்கோபு 5:4 வாசிச்ச அன்னிக்கு அம்மா ராத்திரி சரியா சாப்பிடல. வயல் அறுத்தவங்களுக்குக் குடுக்காம பிடிச்சு வச்ச கூலி கூக்குரலிடுதுன்னும், அறுத்தவங்களோட கூக்குரல் சேனைகளின் கர்த்தர் காதுல விழுந்துச்சுன்னும் வருது. "கூலியே கத்துதாம்ட்டி"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. ஒரு வருஷம் அறுப்பு முடிஞ்சு நாளைக்கு வா நாளைக்கு வான்னே ஒருத்தர் இழுத்தடிச்சு கடைசில பாதிதான் குடுத்தாராம், நான் அப்ப நாலாவது படிச்சேன், இத்தனை வருஷத்துல அம்மா அதை வாயைத் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை. அன்னன்னைக்கு கூலியை பொழுது சாயறதுக்குள்ள குடுக்கணும்னு உபாகமம் 24லயே சட்டம் இருக்கு, அதையும் எடுத்துக் காட்டினேன், அந்தப் பக்கத்துல பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்காங்க.

இப்ப ரிப்பன் ஏசாயா 58ல நிக்குது. வயசானவங்க இருக்கற வீட்டுக்கு தாராளமா வாங்கலாம், அத்தைக்கும் ஒண்ணு ஆர்டர் போட்டாச்சு, இந்த தடவை ஜிப் கவர் உள்ளது.