ஓவியம் பார்க்க பெங்களூரா, சென்னையா? கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு நவீன ஓவியக் கண்காட்சி பார்க்க ஆசைப்பட்டால் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் சுமார் 90 கிலோமீட்டரில் பெங்களூர், எதிர்ப்பக்கம் 250 கிலோமீட்டரில் சென்னை. தூரத்தை மட்டும் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இரண்டு ஊரும் காட்டுவது வேறு வேறு.

பெங்களூருக்குக் காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கியதும் இன்னும் சுலபமாகிவிட்டது. பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ ஏறினால் சில்க் போர்டு நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. ஆர்.வி. ரோட்டில் மாறி மெஜஸ்டிக் போய், ஆட்டோ பிடித்தால் குமார கிருபா சாலையில் சித்ரகலா பரிஷத் என்ற கலைக்கூடம். மைசூர் ஓவியங்கள், தோல்பாவைகள் எல்லாம் அங்கே நிரந்தரமாக உண்டு. பக்கத்து அறைகளில் புதியவர்களின் கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஜனவரியில் ஒரு ஞாயிறு அந்தச் சாலை முழுக்கச் சித்திரச் சந்தை. வரைந்தவரிடமே நின்று பேசி வாங்கலாம்.

அரண்மனை சாலையின் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது. கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகம் உண்டு. இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. தனியார் கேலரிகளுக்குப் போகிறவர்கள் போன் செய்துவிட்டுப் போங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு பூட்டிய கதவு வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

சென்னைக்குப் போனால் ஒரு ராத்திரி தங்க வேண்டும். செலவும் அதிகம். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அந்த வாரம் நல்லது எதுவும் இல்லாமலும் போகலாம். அப்படியிருந்தும் போகச் சொல்வேன். காரணம் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம்.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் 1966-இல் உருவாக்கிய கிராமம் அது. பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கினார்கள். இன்று அங்கே அந்தத் தலைமுறையின் படைப்புகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியே மரத்தடியில் சிற்பங்கள்.

பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பம் ஒன்றைப் பாருங்கள். செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி முகமும் உடலும் எழுப்பியிருப்பார். நேராக நின்றால் ஒரு தெய்வத்தின் முன் நிற்பது போல இருக்கும். பக்கவாட்டில் போனால் வெறும் தகடு. முழுக்க முன்பக்கத்துக்காகவே செய்தது. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் உருவங்களைச் சுற்றி எழுத்து போலப் பொடிப்பொடியாக வரிகள் ஓடும், ஜாதகக் கட்டம் போலக் கோடுகள் இருக்கும். படிக்க வராது. ஆனாலும் கண் வரி வரியாகவே நகரும்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அன்று தோன்றியது. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்து, தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு மறுபடி போனபோதுதான் பிடிபட்டது. அங்கே நடுகற்கள் இருக்கின்றன. கையில் ஆயுதத்தோடு வீரன், கல்லிலிருந்து ஒரு விரல்கடை மட்டும் எழும்பி நிற்கிறான்; அவனுக்குப் பின்பக்கம் கிடையாது. அவனோடு அதே கல்லில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வரிகள். எனக்கு அதுவும் படிக்க வராது. ஆனால் உருவமும் எழுத்தும் ஒரே பரப்பைப் பங்குபோட்டுக்கொள்ளும் விதம் அச்சு அசலாக அதேதான். நம் பக்கத்து ஆட்களுக்குச் சோழமண்டலம் அன்னியமாகத் தெரியாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் என் கணக்கு இப்படி. மாதம் ஒரு நாள் ஒதுக்க முடிந்தவருக்கு பெங்களூர். இன்று யார் என்ன வரைகிறார்கள் என்று அங்கேதான் சுடச்சுடத் தெரியும், பழகப் பழகக் கண்ணும் தேறும். வருஷத்துக்கு ஒரே பயணம்தான் முடியும் என்றால் சென்னை. அதற்கு முந்தின வாரம் தருமபுரி நடுகற்களை ஒரு மணி நேரம் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால், அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனிக்கிழமை சரியாக இருக்கும்.