ஏஜென்சி ஆளா, அடுத்த தெரு அக்காவா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உள்ள தாமான் (குடியிருப்பு) வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். அவருக்குத் துணை தேடியபோது நான்கு வழிகள் தெரிந்தன. இரண்டு சீக்கிரமே கழிந்தன. முதியோர் இல்லம் என்றதும், "எனக்கு வீடு இருக்கே" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டார். (தேடுகிறவர்கள், அந்த இல்லம் 1993 பராமரிப்பு நிலையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிந்ததா என்று முதலில் பாருங்கள்.) வீட்டோடு தங்கும் இந்தோனேசியப் பணிப்பெண் என்றால், 2022 ஒப்பந்தப்படி சம்பளமே மாதம் குறைந்தது 1,500 வெள்ளி (ரிங்கிட்). வேலை பெர்மிட் செலவு தனி. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவருக்கு நாள் முழுக்க ஆள் எதற்கு?

மிஞ்சியவை இரண்டு: ஈப்போவிலிருந்து மணிக்கணக்கில் ஆள் அனுப்பும் ஏஜென்சி, அடுத்த தெருவில் இருக்கும் ஓர் அக்கா. நாங்கள் அக்காவை வைத்துக்கொண்டோம். அதனால் என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

பயிற்சி, ரசீது, ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் என்று தாளில் பார்த்தால் ஏஜென்சிதான் மேல். அக்காவை வைத்தால் செலவு குறைவு, ஆனால் முடிவு அதை வைத்து வரவில்லை. நேரத்தை வைத்து வந்தது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்த பழக்கம் இன்னும் போகவில்லை. நாலரைக்கு விழிப்பு, உடனே குளியல், சாமி விளக்கு, தேத்தண்ணி. ஏழு மணிக்குள் பசியாறி முடித்திருப்பார். வழுக்கி விழும் ஆபத்து அந்த இருட்டில், ஈரத் தரையில்தான். ஏஜென்சியின் முதல் வருகையோ காலை ஒன்பதுக்கு. படிவத்தில் முதல் வேலை 'குளிக்க உதவுதல்'. ஒன்பதுக்கு அம்மா பையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பி நிற்பார்! நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டோம். அவ்வளவு காலையில் ஈப்போவிலிருந்து ஆள் வருவது சிரமம் என்றார்கள். நியாயம்தான். ஒரு வருகைக்கு குறைந்தது நான்கு மணி நேரம் என்பதும் அவர்கள் கணக்கு. வேலை முடிந்த பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அக்கா பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப எப்படியும் விடியுமுன் எழுகிறவர். அம்மா குளிக்கும்போது அடுப்படியில் நிற்பார். குளியலறைக் கதவைத் தாழ்போடக் கூடாது என்பது அக்காவின் நிபந்தனை, சமையலில் கை வைக்கக் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. இரண்டையும் அவர்களே பேசி முடித்தார்கள், நாங்கள் தலையிடவில்லை. பிறகு இரத்த அழுத்தம் பார்த்து, சுவர்க் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் குறித்துவிட்டுப் போவார். மாலையில் மாத்திரைக்கு இன்னொரு முறை. கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் காலண்டர் தாளைப் படமெடுத்துக் காட்டுகிறோம்.

சரி, இதில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. தைப்பூசம் வந்தால் அக்காவுக்கும் லீவு வேண்டும். அப்போது அவர் மருமகள் வருகிறார். அம்மாவுக்குப் பழக்கமான முகம், அதனால் ஓடுகிறது. அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் ஏஜென்சியின் மாற்று ஆள் பெரிய விஷயம். அப்புறம், நேரடியாக ஆள் வைத்தால் முதலாளி நாம்தான். 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளருக்கும் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) உண்டு, அந்தத் தாள் வேலை நம் தலையில்.

வசதி குறைந்த குடும்பங்கள் காசு கொடுத்து ஆள் தேடுமுன் சமூகநல இலாகாவில் விசாரிப்பது நல்லது. தொண்டர்கள் வீட்டுக்கு வந்து உதவும் திட்டம் அங்கே இருக்கிறது.

நான் சொன்னதெல்லாம் நடமாடும் ஒருவருக்கு. மறதி நோய், குழாய் வழி உணவு, படுத்த படுக்கை என்றால் எனக்கு அனுபவம் இல்லை. அந்த நிலையில் பயிற்சி பெற்ற ஆளையே கேட்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்கு, அரசாங்க கிளினிக்குகளிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் குழு 2014 முதல் இருக்கிறது. அதையும் டிஸ்சார்ஜ் ஆகுமுன் வார்டிலேயே கேட்டுவிடுங்கள்.