வஹாக்காவில் மோலே சாப்பிட: சந்தையா, உணவகமா?

தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா நகரத்துக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் சாப்பிடத்தான் போகிறார்கள். ஊர் நடுவே சோக்கலோ சதுக்கம். அதற்குத் தெற்கே கொஞ்சம் நடந்தால் 20 டே நோவியம்ப்ரே சந்தை, உள்ளே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். வடக்கே, சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தின் பக்கம் போனால் அந்த வட்டாரச் சமையலை உட்கார வைத்துப் பரிமாறும் உணவகங்கள். நாங்கள் இரண்டு பக்கமும் சாப்பிட்டோம். மோலே என்கிற மிளகாய்க் குழம்பைச் சாப்பிட என்றால் என் ஓட்டு உணவகத்துக்கு.

முன்பதிவு செய்து போகும் பெரிய இடங்களை இதில் சேர்க்கவில்லை. 2024-இல், உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் வழிகாட்டி முதன்முறையாக மெக்சிகோவுக்கு வந்தபோது இங்கே லாஸ் தன்சாந்தேஸ், லெவாதூரா தே ஓயா இரண்டும் ஆளுக்கொரு நட்சத்திரம் வாங்கின. அது வேறு கணக்கு. நான் சொல்வது குடும்பமாக நடத்தும், மதியம் உள்ளூர்க்காரர்களும் வந்து உட்காரும் நடுத்தர உணவகங்களை.

விலையில் சந்தைதான் மலிவு, எங்களுக்குக் கிட்டத்தட்ட பாதிச் செலவு. வேகமும் அங்கேதான். சத்தமும் அங்கேதான். இதையெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

சந்தை அடித்துத் தூக்கும் இடம் ஒன்று உண்டு: கரியில் இறைச்சி சுடும் நடைபாதை. உள்ளே நுழைந்ததும் புகை கண்ணைக் கரிக்கும். மெல்லிய போர்வைபோல விரித்துத் தொங்கவிட்ட தசாஹோ மாட்டிறைச்சி, மிளகாய் பூசிய பன்றி இறைச்சி, சோரிசோ தொத்திறைச்சி. எடை போட்டுக் கேட்டால் கண் முன்னாலேயே சுட்டுத் தருவார்கள். தோர்த்தியா என்கிற மக்காச்சோள ரொட்டி, சால்சா, சுட்ட வெங்காயத்தாள் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள், தனித்தனிக் காசு. இந்தச் சாப்பாட்டுக்கு உணவகம் போவது வீண்.

மோலே விஷயம் வேறு. மிளகாயை அடித்தளமாக வைத்து அரைத்துக் காய்ச்சும் கெட்டிக் குழம்பு அது. வஹாக்காவில் ஏழு வகை என்று எண்ணுவார்கள். புகழ் எல்லாம் கறுப்பு மோலேக்கு: சில்வாக்லே மிளகாயைக் கருக வறுத்து, எள், திராட்சை, கிராம்பு, பட்டை சேர்த்து, கொஞ்சம் சாக்லேட்டும் போட்டு இறக்குவது. சாக்லேட் குழம்பு என்று நினைத்துப் போனால் ஏமாறுவீர்கள், தூக்கலாக நிற்பது கருகிய மிளகாயின் கசப்புத்தான். இந்தக் குழம்பு சந்தையிலும் மோசமில்லை. கண்ணைக் கட்டிவிட்டு ஊற்றினால் எது எங்கே செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

வித்தியாசம் தோர்த்தியாவில் இருக்கிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் போகக் கழுவி, ஈரத்தோடு அரைக்கிறார்கள். சுண்ணாம்பு சோளத்தின் தோலைக் கழற்றுவதோடு, அதில் சிக்கிக் கிடக்கும் பி3 வைட்டமினையும் உடம்புக்குக் கிடைக்கச் செய்கிறது. இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தை மட்டும் கொண்டுபோய் அதையே தின்று வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகளுக்குப் பெலாக்ரா நோய் வந்தது.

நாங்கள் போன உணவகத்தில் வாசலை ஒட்டியே கோமால் என்கிற மண் தட்டு அடுப்பில் இருந்தது. ஒட்டாமல் இருக்க அதன் மேலும் சுண்ணாம்புக் கரைசல் பூசியிருந்தார்கள். அங்கே நின்ற அம்மா மாவை உருட்டி அழுத்தி, உள்ளங்கையில் வாங்கி, அப்படியே வழித்துவிடுவதுபோலக் கோமாலில் விட்டார். ஓரம் நிறம் மாறியதும் விரலாலேயே புரட்டினார். இரண்டாவது புரட்டலில் நடுவில் உப்பி எழுந்தது, துணிக்குள் போய் நேராக எங்கள் மேசைக்கு வந்தது. கல்லில் இருந்து இலைக்கு வரும் தோசைக்கும் கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடும் தோசைக்கும் என்ன தூரமோ அதே தூரம்தான் இதற்கும் கூடைத் தோர்த்தியாவுக்கும். சந்தையில் எங்களுக்கு வந்தது கூடையில் அடுக்கிக் காத்திருந்தது. மோலேயை அள்ளும்போது மடிப்பில் பிளந்து, பாதிக் குழம்பு தட்டிலேயே நின்றுவிட்டது.

இன்னொன்று, மஞ்சள் மோலேயைக் கெட்டியாக்குவதே இந்தச் சோள மாவுதான். மாவு நன்றாக இருந்தால் குழம்பும் நன்றாக இருக்கும். அதனால் மெனுவைப் பார்க்கும் முன் கோமாலைத் தேடுங்கள். கண்ணில் படாவிட்டால் “எச்சாஸ் அ மானோ?” என்று கேளுங்கள். கையால் செய்ததா என்று அர்த்தம். உள்ளூர்ச் சோள ரகங்களுக்காகவே பேர்போன இத்தானோனி மாதிரி இடங்களும் உண்டு.

சந்தைக் கடைகள் எல்லாவற்றிலும் சாப்பிட்டுப் பார்த்தவன் இல்லை நான். கோமால் வைத்த கடை உள்ளே எங்காவது இருந்தால் என் வாதத்தில் பாதி விழுந்துவிடும். லா மெர்செத் சந்தையில் காலை நேரத்து மெமேலா என்கிற தடித்த சோள ரொட்டி கோமாலில்தான் வேகிறது, அதை எந்த உணவகத்துக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரவுச் சாப்பாடு பற்றியும் பெரிதாகச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை.

சைவக்காரர்களுக்கு உணவகமே மேல். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு, சோற்றிலும் மோலேயிலும் கோழி வேகவைத்த தண்ணீர், த்லாயுதா என்கிற பெரிய மொறுமொறுத் தோர்த்தியாவின் மேல் தடவுவதும் கொழுப்பு. சந்தையில் கேட்டால் “கறி இல்லை” என்பார்கள். கொழுப்பைக் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். உணவகத்தில் “சின் மாந்தேக்கா”, அதாவது கொழுப்பு இல்லாமல், என்றதும் பரிமாறுபவர் சமையலறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

போவதானால் மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் போங்கள், அவர்களுடைய முக்கியச் சாப்பாட்டு நேரம் அது. பட்டியல் விலையிலேயே 16 சதவீத வரி அடக்கம். டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம் தனியாக வைப்பது வழக்கம். அப்புறம், பில் தானாக வராது. “லா குவென்தா” என்று கேட்கிறவரை உங்களை எழுப்பவும் மாட்டார்கள்.