அப்பாவின் அடிகளை எண்ணிய ஆறு வாரங்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது வாரங்கள் கழிந்த நிலையில்தான் எனக்கு நீண்ட விடுப்புக் கிடைத்தது. மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக் குழாய் அடைபட்டதால் அவருடைய இடக்கையும் இடக்காலும் செயலிழந்திருந்தன. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "பரவாயில்லை, பிசியோதெரபி நடக்கிறது" என்றே வீட்டார் சொல்லிவந்தார்கள். நேரில் பார்த்தபோது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவே இருவர் தாங்க வேண்டியிருந்தது. இந்த ஆறு வாரங்களில் ஊரில் கிடைத்த மறுவாழ்வுச் சேவைகள் எப்படி இருந்தன, இத்துறையில் நடந்த ஆய்வுகளோடு அவை எங்கே பொருந்தின, எங்கே விலகின என்பதை, இதே நிலையில் ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள்களின் சிகிச்சையில் எனக்குக் குறையில்லை. ஸ்கேன் உடனே எடுக்கப்பட்டது. இரண்டாம் நாளிலிருந்து, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் மட்டும் என்று, அவரைக் கட்டிலோரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதை மெத்தனம் என்று உறவினர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். அவர்கள் செய்ததே சரி என்பது என் கருத்து. 5 நாடுகளில் 2,104 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான 'அவெர்ட்' ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே தீவிரமாக எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்களில், பிறர் உதவியின்றி இயங்கும் நிலையை மூன்று மாதத்தில் எட்டியவர்கள் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தார்கள். தொடக்க நாள்களில் சிறுசிறு பொழுதாக, அடிக்கடி எழுப்புவதே நல்லது என்பதை அந்த ஆய்வின் பின்னைய அலசலும் காட்டியது.

குறை, வீட்டுக்கு அனுப்பிய நாளில் தொடங்கியது. மாத்திரைகளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்த அந்த அறிக்கையில், நடையைப் பற்றி இருந்தது ஒரே வரி: 'இயன்முறை சிகிச்சை தொடரவும்.' எத்தனை நாள், எவ்வளவு நேரம், எதை நோக்கி என்று எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த இயன்முறை மருத்துவர் வாரம் மூன்று நாள் வந்தார். படுத்த நிலையிலேயே கைகால்களை மடக்கி நீட்டிவிட்டு, மின்தூண்டல் கருவியைப் பொருத்தி, கடைசி ஐந்து நிமிடத்தில் அப்பாவை எழுப்பி நிறுத்துவார். நான் எண்ணிப் பார்த்த முதல் நாளில் அப்பா எடுத்து வைத்தது மொத்தம் நாற்பது அடி.

அந்த எண்ணிக்கை எனக்கு ஏன் முக்கியமாகப் பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் மூளை நடையை மீண்டும் கற்பது பெரும்பாலும் நடப்பதன் மூலமாகத்தான். காலை வேறொருவர் அசைத்துவிடுவது மூட்டு இறுகாமல் காக்குமே தவிர, எடையைத் தாங்கவும் அடியை எடுத்து வைக்கவும் கற்றுத்தராது. மறுவாழ்வு அமர்வுகளை நேரில் கவனித்து 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நடைப் பயிற்சி நடந்த ஓர் அமர்வில் நோயாளி எடுத்து வைத்த அடிகள் சராசரியாக 357 என்று கணக்கிட்டது. விலங்குகளிடம் நடந்த சோதனைகளில் மூளை மாற்றத்துக்குத் தேவைப்பட்ட பயிற்சியோடு ஒப்பிட்டால் அதுவே மிகக் குறைவு என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் கவலை. நாற்பது அடியை வைத்துக்கொண்டு நாங்கள் முன்னேற்றத்துக்காகக் காத்திருந்தோம்.

இந்தப் பதற்றத்தில்தான் நான் ஒரு பெரிய மறுவாழ்வு மையத்துக்குப் போனேன். உடலைக் கச்சையால் மேலிருந்து தாங்கிப் பிடித்து, டிரெட்மில்லில் நடக்க வைக்கும் இயந்திரம் அங்கே இருந்தது. அதில் சேர்த்தால் குறிப்பிட்ட வாரங்களில் அப்பா தானாக நடப்பார் என்று உறுதியாகவே சொன்னார்கள். அன்றிரவு 'லீப்ஸ்' ஆய்வை மறுபடி படித்தேன். 2011இல் வெளியான அந்த ஆய்வில் 408 பேர் பங்கேற்றார்கள். இதே வகை டிரெட்மில் பயிற்சியை ஒரு குழு இரண்டாம் மாதத்திலும், இன்னொரு குழு ஆறாம் மாதத்திலும் தொடங்கியது. மூன்றாவது குழுவுக்கு இரண்டாம் மாதத்திலிருந்து வீட்டிலேயே, இயன்முறை மருத்துவரின் துணையோடு தசை வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சி தரப்பட்டது. ஓராண்டு முடிவில், பங்கேற்றவர்களில் 52 விழுக்காட்டினர் நடையில் ஒரு படி மேலே போயிருந்தார்கள். மூன்று குழுக்களுக்குமிடையே வேறுபாடு இல்லை. அது மட்டுமன்று, கடுமையான பாதிப்புள்ளவர்களில், சீக்கிரமே டிரெட்மில் பயிற்சியைத் தொடங்கியவர்களிடம் பலமுறை விழுதல் கூடுதலாகக் காணப்பட்டது. அப்பா அந்த வகையினர்தாம். இயந்திரம் தீமை என்று நான் சொல்லவில்லை; ஆனால் அது மட்டுமே தரக்கூடிய பலன் என்று அந்த மையம் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்குப் பதிலாக, நரம்பியல் மறுவாழ்வில் மேற்படிப்பு முடித்த ஓர் இளம் இயன்முறை மருத்துவரைத் தேடிப் பிடித்தோம். இந்தப் பயணத்தில் கிடைத்த மிகப் பெரிய நன்மை அவர். முதல் நாள் அவர் சிகிச்சைக் கருவி எதையும் கொண்டுவரவில்லை. அளவு நாடாவும், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும், கைப்பேசியிலிருந்த ஸ்டாப்வாட்சும் மட்டுமே. கூடத்தில் 10 மீட்டர் அளந்து, முதல் 2 மீட்டரையும் கடைசி 2 மீட்டரையும் விட்டுவிட்டு, நடுவிலுள்ள 6 மீட்டரை அப்பா ஊன்றுகோலோடு கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். ஒருவர் தாங்கியும் 33 வினாடி ஆனது. அதாவது வினாடிக்கு 0.18 மீட்டர். 0.4 மீட்டருக்குக் கீழே இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறார்கள், 0.8ஐத் தாண்டுபவர்கள் வெளியில் தாராளமாகப் போய்வருகிறார்கள் என்று 1995இல் வகுக்கப்பட்ட எல்லைகளை அவர் எங்களுக்கு விளக்கியபோதுதான், 'நடக்கிறார்', 'நடக்கவில்லை' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது புரிந்தது. அந்த 0.4ஐ எட்ட, 6 மீட்டரை 15 வினாடியில் கடப்பது எங்கள் முதல் இலக்காயிற்று.

அதன்பின் ஒவ்வொரு நாளும் அடிகளை ஒரு நோட்டில் குறித்தோம். இடையிடையே உட்கார வைத்து, நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்து, காலையிலும் மாலையிலுமாகப் பிரித்து நடத்தினார். இடப்பாதம் தொங்கியதால் அப்பா காலை வெளிப்புறமாக வட்டமடித்துத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆயத்தமாக வாங்கிய கணுக்கால் தாங்கி தோலை உரசிப் புண்ணாக்கியது. காலை அளவெடுத்துச் செய்த தாங்கி இரண்டு முறை திருத்தத்துக்குப் போய்வந்த பிறகே பொருந்தியது, அந்தப் பத்து நாள் வீணானதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அப்பாவை எழுப்ப எல்லாரும் அவருடைய இடக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். தசை வலுவிழந்த தோள்மூட்டு அதனால் கீழிறங்கி வலிக்கும் என்பதை அதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இடுப்பில் பட்டையைக் கட்டி, அதைப் பிடித்துத் தாங்கப் பழக்கினார்.

மூன்றாம் வாரத்தில் அப்பா ஒருமுறை விழுந்தார். நேராக நடந்தபோது இல்லை, நாற்காலியில் உட்காரத் திரும்பியபோது. அவருக்கு இடப்பக்கத்தில் இருப்பவை கவனத்தில் பதிவதில்லை. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவது. கதவுநிலையில் இடத்தோளை இடித்துக்கொள்வதை நாங்கள் பார்வைக் குறைவு என்றே நினைத்திருந்தோம். அன்றிலிருந்து திரும்புவதே தனிப் பயிற்சியாயிற்று: நின்று, தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்த்து, சிறுசிறு அடியாகச் சுற்றி, நாற்காலி காலில் படுவதை உணர்ந்த பிறகே உட்கார வேண்டும்.

"மூன்று மாதத்துக்கு மேல் எதுவும் திரும்பி வராது" என்று ஒரு மருத்துவர் அப்பாவின் முன்னிலையிலேயே சொன்னார். அது அவரை இரண்டு நாள் முடக்கிப் போட்டது. அந்த நம்பிக்கைக்கு ஒரு மூலம் இருக்கிறது. 1995இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வில், 95 விழுக்காட்டினர் தங்கள் நடைத்திறனின் உச்சத்தை 11 வாரங்களுக்குள் எட்டியிருந்தார்கள். ஆனால் அந்த ஆய்வு அளந்தது உதவியோடு நடக்கிறாரா, உதவியின்றி நடக்கிறாரா என்பது போன்ற பெரிய படிகளை, வேகத்தையன்று. லீப்ஸ் ஆய்வில் ஆறாம் மாதத்தில் பயிற்சியைத் தொடங்கியவர்களும் ஓராண்டில் மற்றவர்களுக்கு இணையாக வந்ததை நான் அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் மறுபடி எழுந்து நின்றார்.

நான் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியபோது, இனி வீட்டாரே பயிற்சி கொடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி வந்தது. ஆசையான யோசனைதான். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான 'அட்டெண்ட்' ஆய்வு இதைத்தான் சோதித்தது; குடும்பத்தாருக்குப் பயிற்சியளித்த குழுவிலும், வழக்கமான கவனிப்புப் பெற்ற குழுவிலும், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து 47 விழுக்காடாகவே இருந்தார்கள். அன்பு குறைவதில்லை, ஆனால் எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்ற தீர்ப்பு அதற்கென்று படித்தவரிடம்தான் இருக்கிறது. ஆகவே அந்த இளம் மருத்துவரை வாரம் ஐந்து நாளுக்கு ஏற்பாடு செய்தோம். நோட்டை எழுதுவதும் மாலை நடையும் தம்பியின் பொறுப்பு.

ஆறாம் வாரக் கடைசியில் அப்பா ஓர் அமர்வில் 400 அடியைத் தொட்டார். 6 மீட்டருக்கு 17 வினாடி ஆனது, யாரும் தாங்கவில்லை, அருகில் ஒருவர் நின்றால் போதுமாயிருந்தது. நேற்று தம்பி அனுப்பிய நோட்டுப் படத்தில் 16 என்று இருக்கிறது. அதற்குக் கீழே, நடுங்கும் வலக்கை எழுத்தில், அடுத்த அளவெடுக்கும் தேதியை அப்பாவே குறித்திருக்கிறார்.