இன்ஜினை மேல தூக்குறதா, கீழ இறக்குறதா? வீட்டு ஷெட்ல ரெண்டும் செஞ்சு பாத்தது

நான் ரெண்டு வண்டிக்கு வீட்டுலயே இன்ஜினும் கியர் பாக்ஸும் சேத்து வெளிய எடுத்திருக்கேன். முதல்ல மாருதி ஜென், 993 சிசி பழைய மாடல், அதை செயின் பிளாக் (கையால செயினை இழுத்து வெயிட் தூக்குற கப்பி) போட்டு மேல தூக்கினோம். ரெண்டாவது 2008 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1298 சிசி, ஆயில் குடிக்க ஆரம்பிச்சிருச்சு, பிஸ்டன் ரிங் மாத்தணும்னு இறக்கினது, அதை அப்படியே கீழ்ப்பக்கமா எடுத்தோம். ரெண்டையும் கையால செஞ்சதால எது எந்த வண்டிக்கு, எந்த இடத்துக்கு சரிப்படும்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இதுல தப்பு பண்ணா பார்ட்ஸ் மட்டும் போறதில்ல, கை கால் போயிரும்.

சில வண்டில உங்களுக்கு சாய்ஸே கிடையாது. அம்பாசிடர் மாதிரி நீளவாக்குல இன்ஜின் உக்காந்த பின் வீல் டிரைவ் வண்டின்னா பானட்டைக் கழட்டிட்டு மேல தூக்குறது தான் வழி, அதுக்குத் தகுந்த இடமும் உள்ள இருக்கு. ஆம்னி நேர் எதிர். இன்ஜின் முன் சீட்டுக்கு அடில இருக்கு, மேல எடுக்க கூரை விடாது, கீழ தான் இறக்கணும். குழப்பமே குறுக்குவாக்குல இன்ஜின் வெச்ச முன் வீல் டிரைவ் வண்டிகள்ல தான்.

ஜென் கதைய முதல்ல சொல்லிடுறேன். மேல தூக்குறதுல பெரிய நிம்மதி என்னன்னா சஸ்பென்ஷன்ல பாதிக்கு மேல தொட வேண்டியதில்ல, வண்டிய ரொம்ப உயரம் ஏத்த வேண்டியதில்ல. பானட், ரேடியேட்டர், பேட்டரி, ஏர் கிளீனர், வயரிங், டிரைவ் ஷாஃப்ட், அடில கியர் ராடு, சைலன்சர் பைப், கடைசியா இன்ஜினை பாடியோட பிடிச்சிருக்கிற மவுண்ட்டிங், அவ்வளவு தான். ஆனா கியர் பாக்ஸோட சேத்து தூக்குறப்போ அந்தப் பக்கம் வெயிட் வேற மாதிரி இருக்கும், நேரா தூக்கினா வராது, கியர் பாக்ஸ் பக்கத்தைக் கீழ சாய்ச்சு, இன்ஜின் பக்கத்தை மேல வாங்கி, கொஞ்சம் திருப்பி, ஒருத்தர் செயின் இழுக்க ஒருத்தர் கையால தள்ளித் தள்ளி விடணும். அந்த அரை மணி நேரம் அத்தனை வெயிட்டும் ஒரு கொக்கில தொங்கிட்டு இருக்கும். அது ஒரு தடவை ஊசலாடி ஃபெண்டர்ல இடிச்சு பெயின்ட் போச்சு, என் கை நடுவுல இல்லாம இருந்தது புண்ணியம். பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஏசி பைப் இதுலல்லாம் மோதாம எடுக்கிறதே தனி வேலை.

அடுத்து எதுல தொங்க விடுறதுங்கிற கேள்வி. ஷெட்டோட கூரைய தாங்குற பைப் டிரஸ் ஷீட்டைத் தாங்கத் தான் போட்டது, இன்ஜினைத் தாங்க இல்ல, தயவு செஞ்சு அதுல செயின் பிளாக் மாட்டாதீங்க. வேப்பமரக் கிளைல கட்டி இறக்கின ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, நான் அதை யாருக்கும் சொல்லமாட்டேன். அதுக்குன்னே செஞ்ச இரும்பு ஸ்டாண்டு வாடகைக்கு எடுத்து 1 டன் செயின் பிளாக் போடுறது சரி. மடக்குற டைப் இன்ஜின் கிரேன்னா ஒண்ணு பாத்துக்கணும், 2 டன்னு எழுதியிருக்கும், ஆனா கிரேனோட கைய முழுசா வெளிய நீட்டினா அதுல கால்வாசி தான் தாங்கும். அதோட கிரேன் சின்ன இரும்பு வீல்ல உருளும், நம்ம வீட்டு போர்டிகோல டைல்ஸ் போட்டிருந்தா உடையும், பேவர் பிளாக்னா உருளவே உருளாது, மழைத்தண்ணி ஓட சரிவு வெச்சிருந்தா வெயிட்டோட தானா கிளம்பிரும். நல்ல மட்டமான சிமெண்ட் தரை இல்லாதவங்க கிரேனை மறந்துரலாம்.

இப்போ ஸ்விஃப்ட். இதுல இன்ஜினுக்கு அடில ஒரு சப்ஃபிரேம், அதாவது பாடில போல்ட்டு போட்டு மாட்டின தனி இரும்புச் சட்டம் இருக்கு, வீலைப் பிடிச்சிருக்கிற லோயர் ஆர்ம், வீலைத் திருப்புற ஸ்டீயரிங் ரேக் எல்லாம் அதுல தான் உக்காந்திருக்கு. கம்பெனில வண்டி சேக்கும்போதும் இந்த மாதிரி வண்டிகளுக்கு இன்ஜின், கியர் பாக்ஸ், சப்ஃபிரேம் எல்லாம் ஒரே செட்டா கீழருந்து தான் பாடிக்குள்ள ஏறுது, அதனால அதே வழில எடுக்கிறப்போ எதுவும் முட்டுறதில்ல. கீழ எடுக்கிறதுலயும் ரெண்டு விதம் உண்டு. வண்டிய முதல்லயே உயரமா நிறுத்திட்டு ஜாக்கில இன்ஜினை இறக்குறது ஒண்ணு. ஸ்டாண்டுல தாழ்வா நிறுத்தி, சப்ஃபிரேமுக்கு அடில வீல் வெச்ச பலகைய கட்டை கொடுத்து முட்டு வெச்சு, போல்ட்டு மவுண்ட்டிங்லாம் கழட்டிட்டு பாடிய மேல தூக்குறது இன்னொண்ணு. நான் ரெண்டாவது தான் செஞ்சேன், இனிமேலும் அதைத் தான் செய்வேன். இன்ஜின் பலகைல அசையாம உக்காந்திருக்கும், முன்பக்கம் பாதி வெயிட் குறைஞ்ச வெறும் கூடு தான் மேல போகும், எதுவும் ஊசலாடாது.

ஆனா வேலை கூடுதல், அதை மறைக்கக் கூடாது. ஹப் நட்டை (வீல் நடுவுல டிரைவ் ஷாஃப்ட்டைப் பிடிச்சிருக்கிற பெரிய நட்டு) வண்டி தரைல நிக்கும்போதே, ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுப் பிடிக்க, லூஸ் பண்ணிரணும், அப்புறம் ஏத்திட்டா அது அசையாது. டை ராட் எண்டு, லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் ரெண்டு பக்கமும் பிரிக்கணும். கியர் ஆயிலை வடிச்சிட்டுத் தான் டிரைவ் ஷாஃப்ட்டை உருவணும், இல்லன்னா தரையெல்லாம் ஆயில். ஸ்டீயரிங் தண்டுக்கும் ரேக்குக்கும் நடுவுல இருக்கிற ஜாயிண்ட்ட கழட்டுறதுக்கு முன்னாடி வீலை நேரா வெச்சு ஸ்டீயரிங்கை லாக் பண்ணி, சீட் பெல்ட்டாலயும் சுத்திக் கட்டிருங்க, ஏர்பேக் இருக்கிற வண்டில ஸ்டீயரிங் சும்மா சுத்திருச்சுன்னா உள்ள இருக்கிற சுருள் கேபிள் அறுந்து போகும். இந்த வண்டில எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்ங்கிறதால ஆயில் பைப் தொல்லை இல்ல. ஏசி கேஸை வெளிய விடவே வேணாம், கம்ப்ரஸரை மட்டும் போல்ட்டு கழட்டி ஹோஸோடயே ஒரு பக்கமா கட்டித் தொங்க விட்டோம். பெட்ரோல் லைன்ல பிரஷர் இருக்கும், பியூயல் பம்ப் ஃபியூஸை உருவிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணி தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டுட்டு, பேட்டரியையும் கழட்டினப்புறம் பைப்ல கை வைங்க.

ஸ்டாண்டு விஷயம் தான் உயிர். எல்லாரும் பழக்கத்துல சப்ஃபிரேம்ல தான் ஜாக்கி ஸ்டாண்டு வெப்பாங்க, இங்க அந்த சப்ஃபிரேமே கீழ வரப்போகுது. கதவுக்கு அடில இருக்கிற சில் பாயிண்ட்ல ஸ்டாண்டு, முன்பக்க சேஸி ரெயில்ல மரக்கட்டை வெச்சு ஜாக்கி, அப்படித் தான் ஏத்தினோம், ஸ்டாண்டை இந்தப் பக்கம் ஒரு பல்லு அந்தப் பக்கம் ஒரு பல்லுன்னு மாத்தி மாத்தி. பின் வீல் ரெண்டும் தரைல, முன்னயும் பின்னயும் கட்டை. 3 டன் ஸ்டாண்டு வெயிட்டைத் தாங்கும், ஆனா உயரம் பத்தாது, அது பெரும்பாலும் 40 சென்டிமீட்டர் கிட்ட நின்னுரும், 6 டன் ஸ்டாண்டு தான் 60 கிட்டப் போகும், அந்த உயரத்துக்காகவே அதை வாங்குங்க. ஹாலோ பிளாக்க அடுக்கி வண்டிய நிறுத்துறவங்கள பாத்தா எனக்கு வயித்தைக் கலக்குது, அது சுவருக்கு செஞ்சது, ஒரு மூலைல வெயிட் உக்காந்தா சொல்லாம கொள்ளாம நொறுங்கும்.

எங்களுக்கு எங்க சிக்குச்சுன்னு சொல்றேன். எல்லாம் கழட்டியாச்சுன்னு நெனச்சு பாடிய ஏத்திட்டு இருக்கோம், நாலு இன்ச் போயிருக்கும், மச்சினன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டே இருந்தவன் "மாமா நிறுத்துங்க, பின்னாடி ஒரு ஒயர் இழுக்குது"ன்னான். குனிஞ்சு பாத்தா ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகரச் சுவர்) பக்கம் ஆக்சிஜன் சென்சர் ஒயர் வீணைத் தந்தி மாதிரி விறைப்பா நிக்குது, இன்னும் ஒரு பல்லு ஏத்தியிருந்தா அறுந்திருக்கும். ஒரு பல்லு இறக்கி, கிளிப்பை அமுக்கிக் கழட்டி, அப்புறம் ஏத்தினோம். அதுக்கப்புறம் கியர் கேபிள் ரெண்டு, கிளட்ச் கேபிள், எர்த் ஒயர்னு ஒவ்வொண்ணா கையால தடவிப் பாத்துட்டுத் தான் ஜாக்கி அடிச்சேன். கடைசில வெளிய உருட்டுறப்போ ரெண்டு இன்ச் பத்தல, பம்பரும் ரேடியேட்டரும் ஏற்கனவே வெளிய, ஆனா திராட்டில் பாடி வண்டியோட முன்பக்க குறுக்குச் சட்டத்துல முட்டுது. இன்னும் ஏத்துறத விட அதைக் கழட்டுறது சுலபம்னு நாலு போல்ட்டை எடுத்தோம், பலகை வழுக்கிட்டு வெளிய வந்துருச்சு. நீங்க செய்றதா இருந்தா முன்னாடியே டேப் வெச்சு இன்ஜினோட உச்சிலருந்து தரை வரைக்கும் அளந்து வெச்சுக்கோங்க.

வெளிய வந்தப்புறம் கிடைக்கிற சுகம் மேல தூக்குறதுல கிடையாது. செட்டு அப்படியே இடுப்புக்குக் கீழ உயரத்துல பலகை மேல நிக்குது, சுத்தி வந்து கியர் பாக்ஸைப் பிரிக்கலாம், கிளட்ச் பிளேட் பாக்கலாம், பின்பக்க ஆயில் சீல் மாத்தலாம். திருப்பி மாட்டுறது இன்னும் நல்லா இருந்துச்சு, ஹோஸ், ஒயர் பாதி இன்ஜின் வெளிய இருக்கும்போதே மாட்டிட்டு பாடிய மெதுவா இறக்கினா போதும். ஜென்ல மவுண்ட்டிங் ஓட்டை நேரா வரத்துக்கே கம்பி வெச்சு நெம்பி ரெண்டு மணி நேரம் போச்சு.

கிளட்ச் பிளேட் மட்டும் தான் போயிருக்குன்னா இந்த ரெண்டுமே தேவையில்ல. இன்ஜினை மேல குறுக்குக் கம்பி போட்டு தாங்க விட்டுட்டு கியர் பாக்ஸை மட்டும் இறக்குங்க, ஒரு நாள் வேலை. ரிங், கிராங்க் பேரிங்னு முழுசா பிரிக்கிற வேலைக்குத் தான் செட்டா எடுக்கணும்.

சப்ஃபிரேம் இல்லாத பழைய சின்ன வண்டி, கைல நல்ல ஸ்டாண்டும் செயின் பிளாக்கும் இருக்குன்னா மேல தூக்குங்க. சப்ஃபிரேம் வண்டி, சமமான தரை, 6 டன் ஸ்டாண்டு, கூட ஒரு ஆள் இருக்குன்னா கீழ எடுக்கிறது தான் என் ஓட்டு, ரெண்டு நாள் கூட ஆனாலும். பாடிய பாதுகாப்பா ஏத்த வழி இல்லாத வீட்டுல இதைத் தொடவே வேணாம், வொர்க்‌ஷாப்ல கொடுத்துருங்க. இறக்குறதுக்கு முன்னாடி சப்ஃபிரேம் போல்ட்டு ஒவ்வொண்ணு ஓரத்துலயும் பெயின்ட்ல கோடு போட்டு வெச்சீங்கன்னா திரும்பவும் அதே இடத்துல உக்காரும், அப்பவும் வண்டிய வெளிய எடுத்த உடனே வீல் அலைன்மெண்ட் பாத்துருங்க, எனக்கு கோடு போட்டும் ஸ்டீயரிங் லேசா இடது பக்கம் இழுத்துச்சு.