திருகோணமலை வீட்டில் சிக்கனமாக ஒரு நூலகம்: எந்த இறாக்கை தாக்குப்பிடிக்கும்?

திருகோணமலையில் புத்தக இறாக்கை வாங்கப் போகிறவர்கள், விலையை விசாரிக்கும் முன் வீட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையை அடிக்கும். அந்தப் பக்கத்து வெளிச்சுவர் உட்புறமும் ஈரம் கசியும். மழை விட்டால் கச்சான் காலப் புழுதி. உவர்மலையானாலும் உப்புவெளியானாலும் கடற்காற்றின் உப்பு வருடம் முழுக்க உண்டு. வேறு ஊரில் பத்து வருடம் உழைக்கும் சாமான் இங்கே சீக்கிரம் போவது இதனால்தான்.

கடையில் முதலில் கண்ணில் படுவது பார்ட்டிகிள் போர்ட் இறாக்கை. மலிவு, பார்வைக்கும் அழகு. ஆனால் அது மரத்துகளைப் பசை போட்டு அழுத்திய பலகை. மேலே ஒட்டிய தாள் தண்ணீரைத் தடுக்கும், வெட்டிய விளிம்பு தடுக்காது. நிலம் கழுவும் தண்ணீர் அடி விளிம்பில் ஏறினால் பலகை ஊதும். காய்ந்தாலும் பழையபடி வராது, ஆணியும் பிடிவிட்டுவிடும். 16 மில்லிமீற்றர் பலகை இடையில் தாங்கல் இல்லாமல் 2 அடிக்கு மேல் நீண்டால் நடுவில் தொய்யும். ஏற்கெனவே வாங்கியவர்கள் விளிம்புகளுக்கு வார்னிஷ் இரண்டு தரம் பூசி, நிலத்திலிருந்து 2 அங்குலம் உயர்த்தி வையுங்கள். புதிதாக வாங்கச் சொல்லமாட்டோம்.

உண்மையான போட்டி இரும்பு அங்கிள் (துளையிட்ட எல் வடிவச் சட்டம்) இறாக்கைக்கும் செங்கல்-பலகை இறாக்கைக்கும்தான்.

இரும்பு நிறையப் பாரம் தாங்கும், தட்டின் உயரத்தை மாற்றலாம், வாடகை வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். அதன் எதிரி கறள். அது பெரும்பாலும் தட்டின் நடுவில் தொடங்குவதில்லை. போல்ட்டை இறுக்கும்போது பெயின்ற் உரிகிற துளை ஓரத்தில் தொடங்கும். கறள் நீர் புத்தகத்தின் அடியில் பழுப்புக் கோடாக ஏறினால் பிறகு எடுக்க முடியாது. அதனால் நாகம் பூசிய போல்ட்டையே கேட்டு வாங்குங்கள். பூட்டி முடித்ததும் ஒவ்வொரு துளை ஓரத்துக்கும் ரெட் ஒக்சைட் என்ற கறள் தடுக்கும் அடிப்பூச்சைப் பூசி, அது காய்ந்த பின் பெயின்ற் அடியுங்கள். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் துடையுங்கள். தட்டில் பழைய பேப்பர் விரிக்க வேண்டாம்: ஈரத்தைப் பிடித்து வைக்கும், இராமபாணப் பூச்சிக்கும் அதுவே தீனி.

செங்கல் இறாக்கைக்கு மூன்றரை அடி நீளம், 9 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பில் 4 பலகை போதும். வேப்பம்பலகை கிடைத்தால் அதை விடாதீர்கள், பூச்சி இலேசில் அண்டாது. செங்கல் 28. கல்லின் நீளம் சுவர்ப்பக்கமிருந்து முன்னோக்கி, பலகையின் அகலவாட்டில் வரும்படி, இரு முனையிலும் இரண்டிரண்டு கல் அடுக்கி முதல் பலகை. அதன்மேல் முனைக்கு நான்கு கல், அடுத்த பலகை. நான்கு கல் ஏறக்குறைய 10 அங்குலம் வரும். சாதாரண நாவல் நிற்க அளவான உயரம். இப்படி மூன்று தட்டில் சுமார் 130 புத்தகம் பிடிக்கும். நாலாம் பலகை மேல்தட்டு, அதை எல் வடிவ இரும்பால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். கலவை இல்லாத அடுக்கு என்பதால் இதற்கு மேல் உயர்த்தக் கூடாது, சின்னப் பிள்ளைகள் ஏறும் வீட்டில் வைக்கவே கூடாது.

செங்கல்லில் இரண்டு குறை. செந்தூள் அட்டையில் ஒட்டும். அடுக்கும் முன் பிறஷால் தட்டி ஒரு பூச்சு பெயின்ற் அடித்தால் தீரும். நிலத்து ஈரத்தைக் கல் உறிஞ்சும். அடிக்கல்லின் கீழே தடித்த பொலித்தீன் வையுங்கள். கறையான் கல்வழியே ஏறும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஏறும்தான், ஆனால் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி வைத்தால் அதன் மண்புற்றுக் கோடு கண்ணுக்குத் தெரியும், அன்றே சுரண்டிவிடலாம். சுவரோடு ஒட்டிய அலுமாரியில் புத்தகத்தைத் தின்ற பிறகுதான் தெரியவரும்.

பழைய மர அலுமாரி மலிவாகக் கிடைத்தால் தட்டுகளைக் கழற்றி அடியில் பாருங்கள். ஊசித்துளையும் அதன் கீழே புதிதாக உதிர்ந்த மாவும் இருந்தால் உளுத்துக்கொண்டிருக்கிற மரம், வேண்டாம். கண்ணாடிக் கதவு கச்சான் புழுதிக்கு நல்லது. மாரியில் பூட்டியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் எறிக்கும் நாளில் ஓரிரு மணித்தியாலம் திறந்து விடுங்கள்.

130 புத்தகத்துக்குள் என்றால் எங்கள் தெரிவு செங்கல். அதற்கு மேலே போனால் இரும்புச் சட்டத்தில் தகட்டுக்குப் பதில் மரப்பலகை போடுங்கள். கறள் புத்தகத்தைத் தொடாது. எதுவானாலும் உட்சுவர் ஓரமாக, யன்னல் வெயில் படாத இடத்தில்.

மிச்சக் காசை இருக்கைக்கு வையுங்கள். புதுச் சோபாவை விட, பிரம்பு மாற்றிய பழைய சாய்மனைக் கதிரை இந்தப் புழுக்கத்தில் முதுகுக்குக் காற்று விடும். கீழே ஒரு பன்பாய். மின்குமிழ் 9 வாட் எல்இடி, மஞ்சள் ஒளி, 3000 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருப்பது. அதை இடது தோளுக்குப் பின்னால், தலைக்குச் சற்று மேலே பொருத்துங்கள். வாசிக்கும் பக்கத்தின் மேல் உங்கள் நிழல் விழாது.