எஃப்எம்ஆர்ஐபிரெப் + நைலேர்ன்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவருபவை

எஃப்எம்ஆர்ஐ மூளை ஸ்கேன்களைப் பகுப்பாய்வுக்குத் தயார்செய்யும் மென்பொருள் எஃப்எம்ஆர்ஐபிரெப்; அவற்றிலிருந்து இணைப்புகளைக் கணக்கிட உதவும் பைத்தான் நூலகம் நைலேர்ன். ஓய்வுநிலை (எந்த வேலையும் கொடுக்காமல் எடுத்த) எஃப்எம்ஆர்ஐ தரவில் செயல்சார் இணைப்பு, அதாவது எந்த மூளைப் பகுதிகளின் சிக்னல் சேர்ந்து மாறுகிறது என்று பார்ப்பதற்கு இந்த ஜோடி இன்று பரவலான தேர்வு. கணக்கு என்னவோ எளிதுதான்: இரு பகுதிகளின் சராசரி சிக்னலை எடுத்து ஒட்டுறவு (கோரிலேஷன்) பார்க்க வேண்டும். ஓய்விலும் இடது, வலது இயக்கப் புறணிகளின் சிக்னல் சேர்ந்தே ஏறி இறங்குவதை 1995-இல் பிஸ்வால் குழுவினர் காட்டியதும் இப்படித்தான். தொல்லையெல்லாம் அதற்கு முந்தைய படிகளில்.

எஃப்எம்ஆர்ஐபிரெப் தலையசைவைத் திருத்தும், படத்தை எல்லோருக்கும் பொதுவான வார்ப்புரு மூளையின் வெளிக்குப் பொருத்தும். இரைச்சலை நீக்காது, இரைச்சல் காரணிகளை ஓர் அட்டவணையாக எழுதித் தருவதோடு சரி. இது தெரியாமல் அதன் வெளியீட்டிலிருந்தே ஒட்டுறவு மேட்ரிக்ஸ் போடுபவர்களுக்கு எல்லாப் பகுதிகளும் எல்லாவற்றோடும் இணைந்திருப்பதாக 'முடிவு' வரும். ஒவ்வொருவரின் பரிசோதனை அறிக்கையையும் திறந்து, பொருத்தம் சரியா, சிறுமூளையின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதற்கு மாற்றே இல்லை.

அடுத்து வடிகட்டல். 2 விநாடிக்கு ஒரு வால்யூம் (முழு மூளையின் ஒரு படம்) வீதம் 10 நிமிடம் எடுத்தால் 300 வால்யூம். பார்க்க முடிகிற அதிர்வெண் 0.25 ஹெர்ட்ஸ் வரை. அதில் 0.01 முதல் 0.1 வரை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 36 சதவீதம், அதாவது சுமார் 108 சுதந்திரக் கூறுகள் (ஒன்றையொன்று சாராத தகவல்கள்). 36 இரைச்சல் காரணிகளையும் கழித்தால் 72. அசைவால் கெட்ட வால்யூம்களையும் தூக்கினால் இன்னும் குறையும். 5 நிமிட ஸ்கேனில் இத்தனையும் செய்துவிட்டு நுண்ணிய வேறுபாடு தேடுவது வீண். ஃபில்டரையும் ரெக்ரெஷனையும் (இரைச்சல் காரணிகளைக் கழிப்பதையும்) தனித்தனியே ஓட்டவும் கூடாது. நீக்கிய அதிர்வெண்கள் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும். நைலேர்ன் இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படியே செய்கிறது. அட்டவணையிலிருந்து காம்ப்கார் கூறுகளை (வெண்பொருள், மூளைத் தண்டுவடத் திரவம் போன்ற இடங்களின் சிக்னலிலிருந்து எடுத்த இரைச்சல் கூறுகள்) எடுத்தால் அதிலுள்ள கொசைன் காரணிகளையும் (மெதுவான சறுக்கலை நீக்குபவை) சேர்த்தே எடுக்க வேண்டும்.

ஒரு வால்யூமுக்கும் அடுத்ததற்கும் இடையிலான தலையசைவுக்கு வரம்பு எவ்வளவு? 0.5 மி.மீ. தளர்வானது, 0.2 கறாரானது. குழந்தைகள் தரவில் 0.2 வைத்தால் பாதிப் பேர் கழிந்துபோகலாம். அசைவு அருகிலுள்ள பகுதிகளின் ஒட்டுறவை ஏற்றும், தொலைவிலுள்ளவற்றைக் குறைக்கும். அதிகம் அசையும் குழுவில் இது நோயின் அடையாளம்போலவே தெரியும்.

நைலேர்னில் பலர் கவனிக்காத ஒன்று: அதன் இணைப்புக் கணக்கீடு இயல்பாக லெடுவா-வுல்ஃப் சுருக்கத்தைப் (தரவு குறைவாக இருக்கும்போது மதிப்பீடுகளைப் பூஜ்ஜியத்தை நோக்கி இழுக்கும் முறை) பயன்படுத்துகிறது. அதனால் எண்கள் நம்பை (பைத்தானின் எண் கணக்கீட்டு நூலகம்) தரும் நேரடி ஒட்டுறவோடு ஒத்துப்போகாது. வால்யூம் குறைந்தவருக்குச் சுருக்கம் கூடும். ஒரு குழுவில் அதிக வால்யூம்கள் கழிக்கப்பட்டிருந்தால் இதுவே போலி வேறுபாட்டை உண்டாக்கும். சாதாரண ஒட்டுறவு போதுமென்றால் சுருக்கம் செய்யாத அனுபவக் கோவேரியன்ஸ் மதிப்பீட்டியை வெளிப்படையாகக் கொடுத்துவிடுவது நல்லது. பகுதி ஒட்டுறவுக்கு (பார்ஷியல் கோரிலேஷன்: மற்றப் பகுதிகளின் தாக்கத்தை நீக்கிப் பார்ப்பது) மட்டும் சுருக்கம் தேவை. மூளைப் பகுதிகள் வால்யூம்களைவிட அதிகமானால் அது இல்லாமல் கணக்கே நிற்காது.

மூளையைப் பகுதிகளாகப் பிரிக்கும் வரைபடமான அட்லஸிலும் ஒரு கண்ணி. ஷேஃபர் அட்லஸ் எஃப்எஸ்எல் என்ற மென்பொருளின் வார்ப்புருவில் வருகிறது. எஃப்எம்ஆர்ஐபிரெப்பின் இயல்பு வெளியீடு 2009சி வார்ப்புருவில். இரண்டும் எம்என்ஐ (மான்ட்ரியல் நரம்பியல் நிறுவன) வார்ப்புருக்கள்தான், ஆனால் ஒன்றல்ல. சிறிய பகுதிகளில் இந்த இடைவெளி உறுத்தும்; வெளியீட்டு வெளியைக் கேட்கும்போதே சரியானதைக் கேட்டுவிடலாம். கண்குழிக்கு மேலுள்ள புறணியில் சிக்னல் இழப்பால் சில பகுதிகள் காலியாகவும் வரும். 400 பகுதி மேட்ரிக்ஸில் 79,800 இணைப்புகள். ஒரு நெடுவரிசை காணாமல்போனால் அதற்குப் பின்னுள்ள பெயர்கள் எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும், பிழைச் செய்தி எதுவும் வராமலே. ஒட்டுறவுகளைச் சராசரி எடுக்க ஏற்றதாக்கும் ஃபிஷர் இசட் மாற்றத்துக்கு முன் மூலைவிட்டத்தை (ஒவ்வொரு பகுதியும் தன்னோடே கொண்ட ஒட்டுறவான 1) பூஜ்ஜியமாக்குங்கள். இல்லாவிட்டால் அங்கே முடிவிலி உட்கார்ந்திருக்கும்.